துருவப் பனியின் மெதுவான நகர்வை ரேடார் செயற்கைக்கோள் எப்படி அளக்கிறது?

கேள்வி இதுதான்: அண்டார்டிகாவின் உட்பகுதியில் பனி ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகர்கிறது என்கிறார்கள், ரேடார் படத்தின் ஒரு பிக்சலே அதைவிடப் பெரியது, அப்படியிருக்க 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு செயற்கைக்கோள் அந்த நகர்வை அளந்துவிட்டது என்பதை எப்படி நம்புவது? பனியில் ஜிபிஎஸ் கருவியை நட்டு அளந்தால் போதாதா?

நம்பலாம். ஆனால் எதை நம்பலாம், எதுவரை நம்பலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இந்தத் துறையைப் பற்றிய செய்திகளில் "மில்லிமீட்டர் துல்லியம்" என்ற ஒரு சொல் மட்டும் பெரிதாக வந்துவிடுகிறது, அந்தத் துல்லியம் எந்த நிபந்தனையில் கிடைக்கிறது என்பது வருவதே இல்லை.

முதலில் பிக்சல் விஷயம். ரேடார் அனுப்பும் அலை பனியில் பட்டுத் திரும்பி வரும்போது இரண்டு தகவல்களைக் கொண்டு வருகிறது. ஒன்று, எவ்வளவு வலுவாகத் திரும்பியது என்பது. நாம் படமாகப் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று, திரும்பி வந்த அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, அதாவது அலையின் கட்டம். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.55 செ.மீ. அலை போகவும் வரவும் தூரம் இருக்கிறது அல்லவா, அதனால் தரை வெறும் 2.8 செ.மீ. தள்ளிப் போனாலே கட்டம் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். ஒரே இடத்தை 12 நாள் இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து, இரண்டின் கட்டங்களையும் கழித்தால், நகர்வு வண்ணப் பட்டைகளாகத் தெரியும். ஒரு பட்டை என்றால் 2.8 செ.மீ. அந்தப் பட்டையில் பத்தில் ஒரு பங்கைக்கூட வாசிக்க முடியும், அது 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பிக்சல் 5 மீட்டரா 15 மீட்டரா என்பது, எவ்வளவு சின்ன இடத்தைத் தனியாகப் பார்க்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு சின்ன நகர்வைப் பார்க்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (சென்டினல்-1 தென் துருவம் வரை பார்ப்பதில்லை, இது கணக்குக்காக மட்டும்). தென் துருவத்தில் பனி ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது. அங்கே துருவப் புள்ளியைக் குறிக்கும் கம்பத்தை ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிய இடத்தில் நடுவதற்கு இதுதான் காரணம், கம்பம் பனியோடு சேர்ந்து போய்விடுகிறது. ஆண்டுக்கு 10 மீட்டர் என்றால் நாளுக்கு 2.7 செ.மீ., 12 நாளில் 33 செ.மீ. ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. செங்குத்திலிருந்து 38 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொண்டால், அந்த 33 செ.மீ.யில் சுமார் 20 செ.மீ. ரேடாரின் பார்வைத் திசையில் விழும். அதாவது ஏழு பட்டைகள், எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரியும். ஆண்டுக்கு ஒரே ஒரு மீட்டர் நகரும் பனி என்றால் முக்கால் பட்டைக்குச் சற்றுக் குறைவு. அதுவும் தெரியும், ஆனால் இங்கிருந்துதான் சிக்கல்கள் ஆரம்பம்.

இந்த முறை பனிக்குப் பொருந்தும் என்று முதலில் காட்டியது 1993இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைனும், எங்கல்ஹார்ட், பார்க்லே காம்ப், ஃப்ரோலிக் ஆகியோரும் சேர்ந்து எழுதியது. 1991 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் இஆர்எஸ்-1 செயற்கைக்கோள் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த தரவை வைத்து, மேற்கு அண்டார்டிகாவின் ரட்ஃபோர்டு பனியோடையை, அதாவது சுற்றியிருக்கும் பனியைவிட வேகமாக ஓடும் ஒரு பனித் தாரையை, அளந்தார்கள். ரேடார் பார்க்கும் திசையில் கிடைமட்ட நகர்வு என்றால் 4 மில்லிமீட்டர், செங்குத்து நகர்வு என்றால் 1.5 மில்லிமீட்டர் வரை கண்டறியலாம் என்றார்கள். பலரும் கவனிக்காத விஷயம் அந்தக் கட்டுரையின் சோதனைப் பகுதி. ரட்ஃபோர்டில் ஏற்கெனவே மனிதர்கள் நேரில் போய் அளந்து வைத்த வேகங்கள் இருந்தன, செயற்கைக்கோள் சொன்னது அவற்றோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போனது. நம்புவதற்கு முதல் அடிப்படை அதுதான்.

இப்போது சிக்கல்களுக்கு வருவோம், உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

கட்டம் என்பது ஒரு சுற்றுக்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லும், எத்தனை சுற்று முடிந்தது என்பதைச் சொல்லாது. நிமிட முள் மட்டும் இருந்து மணி முள் இல்லாத கடிகாரம் மாதிரி. அதனால் ஒரு பிக்சலிலிருந்து பக்கத்துப் பிக்சலுக்குப் பட்டைகளை எண்ணிக்கொண்டே போக வேண்டும். நகர்வு மென்மையாக மாறும் உட்பகுதியில் இது சிரமமில்லை. வேகமான பனியோடையின் ஓரங்களில், அதாவது சில கிலோமீட்டருக்குள் வேகம் பல மடங்கு தாவும் இடங்களில், பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று நெருங்கி எண்ண முடியாமல் போய்விடும். அங்கே ஒரு சுற்றைத் தவறவிட்டால் அதற்கு அப்பால் இருக்கும் முழுப் பகுதியும் தப்பாகிவிடும்.

அப்புறம், எண்ணுவதை எங்கிருந்து தொடங்குவது? நகராத ஓர் இடம் வேண்டும். கடலோரத்தில் பனிக்கு மேலே தலை நீட்டும் பாறை முகடுகள் கிடைக்கும். உட்பகுதியில் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாறையே இல்லாத இடங்கள் உண்டு. அங்கே பனியின் முகட்டுக் கோடுகளை, அதாவது பனி இரண்டு பக்கமும் பிரிந்து வழியும் உயரமான இடங்களை, கிட்டத்தட்ட நகராதவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். டோம் சி போன்ற முகட்டில் நகர்வு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான், அதனால் இந்த எடுகோள் நியாயமானதுதான். ஆனால் இது எடுகோள் என்பதை மறக்கக் கூடாது. வேக வரைபடம் ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது அது எந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்திருக்கிறது என்பதைத்தான்.

அடுத்து இடைவெளி. மெதுவான பனிக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், செய்திகளில் கொஞ்சமும் பேசப்படாததும் இதுதான். பத்தில் ஒரு பட்டை பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 2.8 மில்லிமீட்டர். 1995-96இல் இஆர்எஸ்-1, இஆர்எஸ்-2 இரண்டும் ஒரு நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பறந்தன. அவற்றின் பார்வைச் சாய்வு 23 டிகிரிதான் என்பதால், அந்தச் சின்னப் பிழை கிடைமட்டத்தில் நாளுக்கு 7 மில்லிமீட்டராகி, ஆண்டுக் கணக்கில் இரண்டரை மீட்டரைத் தொட்டுவிடும். அதே பிழை சென்டினல்-1இன் 12 நாள் ஜோடியில் வந்தால் ஆண்டுக்கு 14 செ.மீ. மட்டுமே. அதாவது ஒரே "மில்லிமீட்டர் துல்லியம்", ஆனால் ஒன்றில் தென் துருவ வேகத்தில் கால் பங்கு பிழையாகப் போய்விடுகிறது, இன்னொன்றில் அது பொருட்டே இல்லை. ஒரு நாளில் பல மீட்டர் ஓடும் பனியாறுகளுக்கு இது தலைகீழ், அங்கே 12 நாள் என்பது மிக நீளம்.

சரி, அப்படியானால் இடைவெளியை ஒரு வருடம் ஆக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. இரண்டு படங்களின் கட்டங்களைக் கழிப்பதில் அர்த்தம் இருக்க வேண்டுமானால், அலையைச் சிதறடிக்கும் பனித்துகள்களும் அடுக்குகளும் இரண்டு முறையும் ஏறத்தாழ அதே அமைப்பில் இருக்க வேண்டும். இதை ஓரியல்பு என்று சொல்லலாம். புதுப் பனி விழுந்தால், காற்று பனியை வாரிக் குவித்தால், மேற்பரப்பு கொஞ்சம் உருகினால் அது கலைந்துவிடும், படத்தில் பட்டைகளுக்குப் பதில் வெறும் இரைச்சல்தான் இருக்கும். கிழக்கு அண்டார்டிகாவின் உயரமான, வறண்ட, குளிர்ந்த உட்பகுதியில் ஓரியல்பு நன்றாகத் தாங்கும். புயல்கள் அடிக்கும் கடலோரத்தில் 12 நாளுக்குள்ளேயே போய்விடலாம். கிரீன்லாந்தில் கோடையில் உருகும் பகுதிகளை, அந்த உருகும் நாட்களில், இந்த முறையில் தொடவே முடியாது. இதில் ஒரு நல்ல விஷயம், மெதுவாக நகரும் பனி பெரும்பாலும் இருப்பதே அந்த வறண்ட உட்பகுதியில்தான்.

ஓரியல்பு கலைந்த இடங்களிலும் வேகமான இடங்களிலும் வேறு முறை உண்டு: இரண்டு படங்களிலும் உள்ள புள்ளிக் கோலங்களை ஒன்றின் மேல் ஒன்று நகர்த்திப் பொருத்தி, எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று பார்ப்பது. மேற்கு கிரீன்லாந்தின் யாகோப்ஸ்ஹாவ்ன் பனியாறு 2012 கோடையில் நாளுக்கு 46 மீட்டர் ஓடியதைக் கண்டுபிடித்தது இந்த வகை முறைதான். ஆனால் இங்கே பிக்சல் அளவு உண்மையிலேயே உங்களைக் கட்டுப்படுத்தும், பிக்சலில் இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று என்ற அளவுக்குத்தான் பொருத்த முடியும். சென்டினல்-1இன் பிக்சல் பறக்கும் திசையில் 14 மீட்டர் அளவுக்கு நீளம், ஆகவே ஒரு 12 நாள் ஜோடியில் பிழை ஆண்டுக்குப் பதினைந்து இருபது மீட்டர் வரை வரலாம். நூற்றுக்கணக்கான ஜோடிகளைச் சராசரி செய்து குறைக்கலாம்தான், இருந்தாலும் உட்பகுதிக்கு அது போதாது. நீங்கள் கேட்ட பிக்சல் சந்தேகம் இந்த முறைக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

இந்த இரண்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு வரைபடங்களிலேயே தெரிகிறது. 2011இல் ரிக்னோ, மூஜினோ, ஷாய்ச்ல் என்ற பனி ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட, அண்டார்டிகா முழுவதற்குமான முதல் வேக வரைபடம் ஒரு பெரிய திருப்பம். உட்பகுதியில் பனி வெறுமனே தன் எடையில் நசுங்கிப் பரவுகிறது என்ற பழைய படத்துக்கு மாறாக, கிளை ஓடைகள் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே நீள்வதை அது காட்டியது. அதாவது பனி தன் அடித்தளத்தில் வழுக்கிக்கொண்டு போவது நினைத்ததைவிட மிக ஆழமாக உள்நாட்டுக்குள் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் புள்ளிக் கோலங்களைப் பொருத்தி உருவான அந்த வரைபடம் மெதுவான பகுதிகளில் இரைச்சலாக இருந்தது, ஓட்டத் திசைகள் கலங்கித் தெரிந்தன. அதே குழு 2019இல், பல செயற்கைக்கோள்களின் கட்டத் தரவை எடுத்து மறுபடி செய்தபோது, கண்டத்தின் 80 சதவீதப் பரப்பில் ஆண்டுக்கு 20 செ.மீ. அளவு துல்லியம் கிடைத்தது, முந்தையதைவிடப் பத்து மடங்கு மேல். எந்தப் பனி எந்தக் கடலோரத்துக்குப் போகிறது என்ற வடிநில எல்லைகளைச் சரியாக வரைய இது அவசியம், அந்த எல்லை தப்பானால் ஒரு பனியாறு இழக்கும் பனியின் கணக்கே தப்பாகும். மெதுவான பனியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ரேடாரின் இன்னொரு குறைபாடு திசை. அது தன்னை நோக்கியோ விலகியோ போகும் நகர்வை மட்டுமே கட்டத்தில் பார்க்கிறது, தன் பாதைக்கு இணையாகப் போகும் பனி எவ்வளவு ஓடினாலும் பட்டையே வராது. அதனால் செயற்கைக்கோள் வடக்கே போகும்போது எடுத்தது ஒன்று, தெற்கே போகும்போது எடுத்தது ஒன்று என இரண்டு ஜோடிகள் வேண்டும். துருவங்களுக்கு அருகே இந்த இரண்டு பாதைகளும் நல்ல கோணத்தில் வெட்டிக்கொள்வதால், நிலநடுக்கோட்டுப் பகுதியைவிட இங்கே வேலை சுலபம். ஆனால் நமக்கு வேண்டியது மூன்று திசைகள், கையில் இருப்பது இரண்டு அளவுகள். மூன்றாவதற்கு, பனி தன் மேற்பரப்பின் சரிவுக்கு இணையாகவே நகர்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். வேகமான பனிக்கு இது பரவாயில்லை. மிக மெதுவான முகடுகளில் யோசிக்க வேண்டியிருக்கிறது: அங்கே ஒவ்வொரு ஆண்டும் மேலே புதுப் பனி சேரச் சேர, பழைய அடுக்குகள் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த இறக்கம் ஆண்டுக்கு 10 செ.மீ. என்றாலே, அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் கிடைமட்டத்தில் 13 செ.மீ. நகர்வு போலத் தெரியும். சில சென்டிமீட்டர் நகரும் முகட்டில் இது நாம் தேடும் விடையைவிடவே பெரிது. ரேடார் அலையும் வறண்ட பனியில் மேற்பரப்போடு நின்றுவிடாமல் பல மீட்டர் உள்ளே போய்த்தான் திரும்புகிறது, ஆக நாம் அளப்பது மேற்பரப்பை அல்ல, அதற்குக் கீழே இருக்கும் அடுக்குகளின் ஒரு கலவையை.

வளிமண்டலத்தைப் பொறுத்தவரை, நம் ஊர் மாதிரி ஈரப்பதம் அண்டார்டிகாவில் இல்லை, அதனால் அந்தத் தொல்லை குறைவு. மாறாக அயனி மண்டலம் பெரிய தொல்லை. துருவ ஒளி தோன்றும் அதே பகுதிகளுக்கு மேலேதான் ரேடார் பார்க்கிறது, அங்கே மின்னூட்டத் துகள்கள் அலையின் கட்டத்தை மாற்றிவிடும். அலைநீளம் கூடக் கூட இது மோசமாகும். 2006இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோள் 23.6 செ.மீ. அலை கொண்டது, அதன் துருவப் படங்களில் நீளமான கோடுகளாக இது தெரியும். இதற்கு அழகான ஒரு தீர்வு இருக்கிறது: ரேடார் பயன்படுத்தும் அதிர்வெண் வரம்பை இரண்டு துண்டாக வெட்டித் தனித்தனியாகக் கணக்கிட்டால், உண்மையான நகர்வு இரண்டிலும் ஒரே தூரமாக வரும், அயனி மண்டல விளைவு அதிர்வெண்ணைப் பொறுத்து வேறுபடும், அந்த வேறுபாட்டை வைத்துப் பிரித்தெடுத்துவிடலாம்.

மிதக்கும் பனியில் ஓதம் வேறு வந்து சேர்கிறது. கடல் ஏறி இறங்கும்போது பனியும் சேர்ந்து ஏறி இறங்கும், அந்த அசைவு கிடைமட்ட ஓட்டத்தை மூழ்கடித்துவிடும். ஆனால் இதையே சாதகமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஓட்டம் சீராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு பட்டைப் படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் ஓட்டம் காணாமல் போய் ஓதம் மட்டும் மிஞ்சும். எந்தக் கோட்டில் ஓதம் தொடங்குகிறதோ, அங்கேதான் பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்குகிறது. மேற்கு அண்டார்டிகாவின் பைன் ஐலண்டு பனியாற்றில் அந்தக் கோடு 1992க்கும் 1996க்கும் இடையே ஆண்டுக்கு 1.2 கி.மீ. வீதம் பின்வாங்கியதை ரிக்னோ 1998இல் இப்படித்தான் காட்டினார். மெதுவான நகர்வை அளக்க உருவான ஒரு கருவி கொடுத்த விடைகளில், என் பார்வையில், இதுவே எல்லாவற்றையும்விடக் கவலை தருவது.

ஜிபிஎஸ் போதாதா என்ற கேள்விக்கு: ஒரு புள்ளியில், தொடர்ச்சியாக, மூன்று திசையிலும் அளக்க ஜிபிஎஸ்ஸை அடிக்க ஒன்றுமில்லை. மேற்கு அண்டார்டிகாவின் வில்லன்ஸ் பனியோடை நாளுக்கு இரண்டு முறை மட்டும் சட்டென்று அரை மீட்டர் அளவு வழுக்கி, மற்ற நேரமெல்லாம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது என்று தெரிந்தது ஜிபிஎஸ்ஸால்தான். 12 நாளுக்கு ஒருமுறை பார்க்கும் ரேடாருக்கு அது சீராக ஓடும் பனியாகத்தான் தெரியும். ஆனால் அண்டார்டிகாவின் பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கி.மீ., அதில் எத்தனை கம்பங்களை நடுவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் விமானம், எரிபொருள், ஆட்கள், அடுத்த கோடையில் மறுபடி போய்ப் பனிக்குள் புதைந்ததைத் தேடுவது என்று ஆகும். ஜிபிஎஸ் இருக்கும் சில இடங்களில் ரேடாரைச் சரிபார்ப்பது, மற்ற இடமெல்லாம் ரேடாரை நம்புவது, இதுதான் நடைமுறை.

கடைசியாக, தென் துருவத்தை எல்லா ரேடாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலானவை தம் பாதைக்கு வலப்பக்கம் பார்ப்பவை, அந்த அமைப்பில் வட துருவப் பக்கம் நன்றாகத் தெரியும், தெற்கே பார்வை துருவத்திலிருந்து விலகிவிடும். சென்டினல்-1 படங்கள் தெற்கே 78 டிகிரி அட்சரேகைக்கு அருகே நின்றுவிடுவது அதனால்தான். 1997இல் கனடாவின் ரேடார்சாட்-1 செயற்கைக்கோளை வானிலேயே 180 டிகிரி திருப்பி, இடப்பக்கம் பார்க்க வைத்து அண்டார்டிகா முழுவதையும் படமெடுத்தார்கள். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கி 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள் இடப்பக்கமே பார்க்கிறது, 87.5 டிகிரி தெற்கு வரை எட்டும், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். அதன் நீள அலை 24 செ.மீ., ஒரு பட்டை 12 செ.மீ. ஆகிவிடுவதால் ஒரு ஜோடியில் அதன் கூர்மை சென்டினல்-1ஐவிடக் குறைவு. ஆனால் நீள அலையில் ஓரியல்பு நெடுநாள் தாங்கும், ஆகவே 24 நாள், 36 நாள், அதற்கும் மேற்பட்ட ஜோடிகளை எடுத்து, மேலே சொன்ன இடைவெளிக் கணக்கில் இழந்ததை மீட்டுவிடலாம், அயனி மண்டலத்தை ஒழுங்காகக் கழித்தால்.

இந்த வேக வரைபடங்களும் சென்டினல்-1, நிசார் தரவுகளும் இலவசம், யாரும் இறக்கிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது வேகக் கோப்போடு வரும் பிழைக் கோப்பையும் சேர்த்துத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கு 3 மீட்டர் நகரும் ஓர் இடத்தில் பிழையும் 3 மீட்டர் என்று இருந்தால், அந்தப் பிக்சல் நகர்கிறதா என்றே அந்தக் கோப்பை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டு ஆண்டு வரைபடங்களைக் கழித்து வேகம் கூடிவிட்டது என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை.